மலைச்சரிவிலிருந்து எழும் வான்குடை

ஆனி, ஆடித் திங்கள்களில் குற்றாலத்திற்குச் செல்வோர், அருவியில் நீராடியபின் ஈரச் சேலையை உலர்த்தும் முறை ஒன்று உண்டு. இருவர் எதிரெதிரே நின்று, சேலையின் இரு தலைப்புகளையும் பற்றிக்கொண்டு அதனைக் காற்றில் பிடிப்பர். மேலைக்காற்று வந்து மோதியதும் சேலை கப்பலின் பாய்போலப் புடைத்து எழும். பிடித்திருப்போர் கால்களை ஊன்றிக்கொள்ளாவிடின் ஓரடி ஈரடி இழுக்கப்படுதலும் உண்டு. ஏறக்குறைய 6 சதுர மீட்டர் பரப்புள்ள சேலையே இங்ஙனம் இழுக்குமாயின், 25 சதுர மீட்டர் பரப்புள்ள துணியைத் தன் உடலோடு வார்களால் பிணைத்துக்கொண்டு மலைச்சரிவில் நிற்பவன் நிலை யாதாகும்? அவ்வாறு நின்று, அத்துணியைக் காற்றில் எழுப்பி, அதனையே சிறகாகக் கொண்டு பறப்பதை ஒரு கலையாகப் பயில்வோர் இன்று பல நாடுகளிலும் உளர்.

பாராசூட் எனப்படும் வான்குடை, முதலில் பறப்பதற்கென அமைந்ததன்று. விழுவதை மெதுவாக்குவதற்கென அமைந்தது. 1797-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் கார்னரின் என்பவர் ஆவிக்கூண்டில் உயரச் சென்று, வான்குடையின் துணைகொண்டு தரையிறங்கினார். அதன்பின் நெடுங்காலம் வான்குடைகள் குவிந்த குடை வடிவிலேயே இருந்தன. அவை காற்று அடித்த பக்கம் செல்லும்; ஏறியவன் விரும்பிய பக்கம் செல்லா. 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாழ்ந்த டோமினா ஜால்பர்ட் என்பவர் புதியதோர் அமைப்பைக் கண்டார். நீள்சதுரமான இரண்டு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையிடையே தடுப்புத் துணிகளைத் தைத்துப் பல அறைகளாக்கினார். அறைகளின் முன்வாய் திறந்திருக்கும், பின்புறம் மூடியிருக்கும். முன்வாய் வழியே புகும் காற்று வெளியேற வழியின்றி அறைகளை நிரப்ப, தொய்ந்து கிடந்த துணி பறவையின் சிறகுபோல விறைத்து நிற்கும்.

சிறகு வடிவம் பெற்ற பொருளுக்கு வானூர்தியிலிருந்து குதிப்பதும் மலையிலிருந்து ஓடி எழுவதும் ஒன்றே. அதற்கு வேண்டுவதெல்லாம் முன்னின்று வரும் காற்றோட்டம். 1965-ஆம் ஆண்டில் டேவிட் பாரிசு என்னும் அமெரிக்கப் பொறியாளர் தாம் அமைத்த துணிச் சிறகுடன் பனிச்சறுக்கு மலையொன்றின் சரிவில் பறந்து பார்த்தார். 1978-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில், ஆல்ப்சு மலையின் மியூசி என்னும் சிற்றூரில், வான்குடை வீரர் சிலர் ஒவ்வொரு முறையும் வானூர்தியில் ஏறிச் செல்லும் செலவைத் தவிர்க்க எண்ணி, மலைச்சரிவிலிருந்தே ஓடி எழுந்தனர். பெரிய விளையாட்டொன்று செலவைக் குறைக்கும் எண்ணத்திலிருந்து பிறந்தது வியப்பே. இன்று பாராகிளைடிங் என வழங்குவது அதன் வளர்ச்சியே. இமாசலப் பிரதேசத்தின் பீர் பில்லிங் என்னுமிடத்தில் 2015-ஆம் ஆண்டில் இதற்கென உலகக் கோப்பைப் போட்டியே நடைபெற்றது.

ஆயினும், வான்குடை வேறு, பாராகிளைடர் வேறு. வானூர்தியிலிருந்து குதிப்போர் கொள்ளும் நீள்சதுர வான்குடை, 3 மீட்டர் முன்னே செல்வதற்குள் ஏறத்தாழ 1 மீட்டர் கீழிறங்கிவிடும். பாராகிளைடரோ 8 மீட்டருக்கு மேலும் முன்செல்லும். ஆகவே வான்குடையைச் சரிவிலிருந்து எழுப்ப விரும்புவோன், தன் குடை இறங்குவதைக் காட்டிலும் செங்குத்தாக இறங்கும் சரிவையே தேர்தல் வேண்டும். சரிவு அதனினும் தாழ்வாயின், அவன் பறக்க முயலும்போதே தரை அவன் கால்களைத் தேடி வந்துவிடும். சிறிய குடையாயின் விரைவும் மிகுதி. பிழையைத் திருத்தக் கிடைக்கும் நேரமும் குறைவு.

எழும் முறை வருமாறு. குடையைச் சரிவின்மேல், காற்று வரும் திசைக்குப் பின்புறமாக, பிறைவடிவில் விரிப்பர். குடையிலிருந்து இறங்கும் கயிறுகளில் சிக்கோ முடிச்சோ புல்லோ முள்ளோ பற்றியிருக்கின்றதா என்று ஒவ்வொன்றாகக் காண்பர். காற்று மெல்லியதாயின், குடைக்கு முதுகுகாட்டி நின்று சரிவை நோக்கி ஓடுவர். காற்றுச் சற்று வலிதாயின் குடையை நோக்கியே நிற்பர். முன்கயிறுகளை இழுத்ததும் அறைகளில் காற்று நிரம்பிக் குடை எழும். அது தலைக்கு நேர்மேலே வரும் கணத்தில், பின்விளிம்பில் கட்டியுள்ள தடைக்கயிறுகளைச் சிறிதளவு இழுத்தல் வேண்டும். இழுக்கத் தவறின் குடை தலையைக் கடந்து முன்னே சரிந்து மடியும். மிகுதியாக இழுப்பின் பின்னோக்கி விழுந்து ஆளையும் இழுத்துச் செல்லும். குடை நிலையாக நின்றபின் உடலைத் திருப்பிச் சரிவை நோக்கி ஓடல் வேண்டும். எப்பக்கம் திரும்புவது என்பதையும் முன்னரே உறுதி செய்திருத்தல் வேண்டும். பக்கம் மாறித் திரும்பினால் கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். ஓட்டத்திலும் ஒரு கண்ணி உண்டு. கால்கள் தரையை விட்டுச் சிறிது எழுந்தவுடனே, பறந்துவிட்டோம் என்றெண்ணிப் புதியோர் இருக்கையில் அமர்ந்துவிடுவர். குடை இன்னும் முழு எடையையும் ஏற்காமையால் அவர்கள் மறுபடியும் தரையில் மோதுவர். இவையெல்லாம் கைக்குப் பழகும்வரை, மலைக்கே செல்லாமல் சமவெளியில் குடையை எழுப்புவதும் தலைமேல் நிறுத்துவதும் இறக்குவதுமாகப் பன்னாள் பயில்வர்.

காற்றின் விரைவு இரு மடங்கானால் அதன் தாக்கம் இரு மடங்காகும் என்று பலர் எண்ணுவர். அஃது அன்று, நான்கு மடங்காகும். 25 சதுர மீட்டர் துணியொன்று காற்றுக்கு நேரே புடைத்து நிற்பதாகக் கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர் விரைவில் வீசும் காற்று அதனை ஏறத்தாழ 40 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். வலிமையுள்ள ஒருவன் கால் ஊன்றி அதனைத் தாங்கலாம். அக்காற்றே மணிக்கு 36 கிலோமீட்டர் விரைவு கொண்டால் இழுப்பு ஏறத்தாழ 150 கிலோகிராம் ஆகிவிடும். எத்தகைய வீரனும் அதன்முன் நிற்றல் அரிது. அவ்வாறு இழுக்கப்படுபவன் குடையை எதிர்த்துப் பின்வாங்குதல் கூடாது. குடையை நோக்கி ஓடி, ஒரு பக்கத்துத் தடைக்கயிற்றைக் கைக்கு மேல் கையாக இழுத்துச் சுருட்டி, குடையிலுள்ள காற்றை வெளியேற்றல் வேண்டும்.

வானூர்தியிலிருந்து குதிப்பவனுக்கு முதற்குடை விரியாவிடினும் மாற்றுக்குடை உண்டு. அதனை விரிக்க உயரமும் உண்டு. சரிவிலிருந்து எழுபவனுக்கோ தரைக்கும் தனக்கும் இடையே சில மீட்டரே இருக்கும். அங்கே குடை மடியுமாயின் மாற்றுக்குடை விரிவதற்குள் தரை வந்துவிடும். ஆதலின் அவனது காப்பு முழுவதும் எழுவதற்கு முன்பே அமைந்துவிடுகின்றது. அக்காப்பாவது, தான் நிற்கும் சரிவில் வீசும் காற்று எத்தகையது என்று அறிதலே.

இதனை விளங்கிக்கொள்ளத் தென்காசியைக் காட்டிலும் நல்ல இடம் கிடைப்பது அரிது. தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாயிலில் நுழைவோரைக் காற்று எதிர்கொண்டு தள்ளுவதை அவ்வூரார் நன்கு அறிவர். வெளியில் பரந்து வரும் காற்று குறுகிய வாயிலில் புகும்போது விரைவு மிகுதல் இயல்பு. கோபுர வாயிலில் சிறிய அளவில் நிகழும் இதுவே, செங்கோட்டைக் கணவாயில் மிகப் பெரிய அளவில் நிகழ்கின்றது. சூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் தடைப்பட்டு, மலை தாழ்ந்துள்ள அக்கணவாயின் வழியே விரைந்து பாய்கின்றது. சுரண்டை, ஆலங்குளம் பக்கங்களில் நிற்கும் காற்றாலைகள் இக்காற்றினாலேயே சுழல்கின்றன.

காற்றாலைக்கு உகந்த காற்று வான்குடைக்கும் உகந்ததாகும் என்று கொள்ளுதல் பெரும்பிழை. குற்றாலம் மலைத்தொடரின் கீழ்ப்புறத்தில் உள்ளது. பருவக்காற்றோ மேற்கிலிருந்து, மலையைத் தாண்டி வருகின்றது. குற்றாலச் சரிவில் கிழக்கு நோக்கி நிற்பவனுக்கு அது முதுகுப்புறக் காற்று; குடை எழாது. அதனினும் கொடியது ஒன்றுண்டு. சிற்றாற்றில் பெரும்பாறை கிடக்குமிடத்தை நோக்குக. பாறையின் முன்புறத்தில் நீர் சீராக ஏறி வரும். பின்புறத்திலோ சுழன்று, கீழே அமிழ்ந்து, எதிர்த்திசையிலும் திரும்பும். மலையைத் தாண்டும் காற்றும் அவ்வாறே மறுபுறத்தில் சுழல்கின்றது. நீரின் சுழல் நுரையால் தெரியும். காற்றின் சுழல் கண்ணுக்குத் தெரியாது. சில வேளை அச்சுழலின் ஒரு பகுதி சரிவின்மேல் மெல்ல ஏறி வந்து முகத்தில் படும். அதனை நற்காற்று என நம்பி எழுபவனைச் சிறிது உயரத்தில் கீழ்நோக்கிய காற்று வந்து அழுத்தும், குடையும் மடியும். அறிந்தோர், தம் முகத்தில் படும் காற்றோடு நில்லாமல், மேலே செல்லும் முகிலின் திசையையும், தொலைவிலுள்ள மரங்களின் அசைவையும் ஒப்புநோக்குவர். இரண்டும் மாறுபடின் குடையை மடித்துவிடுவர்.

இவற்றோடு, குற்றால மலை அடர்ந்த காடு செறிந்தது; ஓடி எழுவதற்குரிய வெறும்புல் சரிவு அங்கே இல்லை. அத்தகைய புல்மேடுகள் மலைத்தொடரின் வழியே வடக்கே சென்றால், கேரள நாட்டின் வாகமண்ணில் உள்ளன. அங்கே 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பன்னாட்டு வீரர் கூடிய பறத்தல் விழா நடைபெற்றது. மார்ச்சு என்பது கருதத்தக்கது. குற்றாலத்தில் சாரல் விழுந்து மக்கள் திரளும் நாள்களில் வாகமண் மேடுகள் மழையிலும் மூடுபனியிலும் மறைந்துகிடக்கும். குடைகள் பைகளுக்குள் மடிந்துகிடக்கும்.