சேரும்போது சிரிப்பு, விலகும்போது முறைப்பா?



விடியுமுன் பிரட்டுக்குப் போய், நாள் முழுவதும் மரம் வெட்டிப் பாலைச் சுமந்த நம் பெற்றோருக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்பட்டதில்லை. அவர்களின் பிள்ளைகளோ இன்று பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலும் ஜார்ஜ்டவுன் அலுவலகங்களிலும் ஒரே இடத்தில் அமர்ந்து வேலை பார்க்கிறார்கள். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடல் பருமனோ உடையவர்கள், 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஆகவே, 'ஜிம்' என்னும் உடற்பயிற்சி நிலையத்தில் உங்கள் மகளோ மகனோ சேர விரும்பினால் அதை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

அங்கே பலரையும் கவர்வது கூட்டுப் பயிற்சி வகுப்பு. பாட்டு ஒலிக்க, முன்னே நிற்கும் பயிற்றுநரைப் பார்த்து இருபது முப்பது பேர் ஒன்றாகக் கை கால் அசைப்பார்கள். அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் எழுதிய நூலால் 'ஏரோபிக்ஸ்' என்ற சொல் உலகெங்கும் பரவியது. கொலம்பியாவில் பிறந்த 'சும்பா' நடனப் பயிற்சியும் இன்று நமக்குப் புதிதல்ல. தனியாகச் செய்தால் பத்து நாளில் கைவிடுபவரும் கூட்டத்தோடு சேர்ந்தால் தொடர்ந்து வருவார்.

நல்ல நிலையத்தை அறிவது எப்படி?

இயந்திரங்களின் பளபளப்பை வைத்து ஒரு நிலையத்தை எடை போடாதீர்கள். உங்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நல்ல பயிற்றுநர் முதல் நாளே உங்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, முழங்கால் வலி உண்டா என்று விசாரிப்பார். புதியவருக்கு எளிய அசைவுகளைக் காட்டுவார். பின் வரிசையில் தடுமாறும் பெண்மணியைப் பார்த்துச் சிரிக்காமல், அருகில் வந்து திருத்துவார். ஆங்கிலம் தெரியாதவருக்கும் தோட்டத்திலிருந்து வந்தவருக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும். காசு எல்லாருடையதும் ஒன்றுதானே!

நீங்கள் போகப்போகும் அதே நேரத்தில் ஒரு முறை சென்று பாருங்கள். காலை பத்து மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கும் கூடம், மாலை ஏழு மணிக்குக் கால் வைக்க இடமின்றி இருக்கலாம்.

கையெழுத்துக்கு முன்

"இன்றைக்கே சேர்ந்தால் சலுகை" என்று அவசரப்படுத்துகிறார்களா? அங்கேதான் நிதானம் தேவை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியானது. அந்தச் சம்பளக்காரர் 1,200 வெள்ளி ஆண்டுக் கட்டணத்தை ஒரே தடவையில் கட்டினால், பதினெட்டு நாளைய உழைப்பை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்.

அந்த நிலையம் நாளை மூடப்பட்டால்? நடக்காத கதையல்ல இது. 2016-இல் கலிபோர்னியா ஃபிட்னஸ் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் கதவடைத்தது. 2017-இல் ட்ரூ ஃபிட்னஸ் மலேசியாவிலும் தாய்லாந்திலும் தன் நிலையங்களை மூடியது. முன்பணம் கட்டியவர்கள் திகைத்து நின்றார்கள். எனவே, சற்றுக் கூடுதலானாலும் மாதா மாதம் கட்டுவதே பாதுகாப்பு. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு என்றால், அதை நிறுத்தும் வழியையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

விலக வேண்டியிருந்தால்

வேலை மாறலாம், உடல் நலம் குன்றலாம், வீட்டில் குழந்தை பிறக்கலாம். "கட்டிய பணம் திரும்பாது" என்று முகப்பில் எழுதி வைத்திருந்தால் மனம் உடைந்துவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 17-ஆம் பிரிவில், தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறது. பயனீட்டாளர் அதை ரத்துச் செய்யும்போது, முழுத் தொகையில் 5 விழுக்காட்டையும், அதுவரை பெற்ற சேவைக்கும் பொருளுக்கும் உரியதையும் பிடித்துக்கொள்ளலாம். மீதியைக் கேட்பது உங்கள் உரிமை. மூன்று மாதம் பயன்படுத்திய 1,200 வெள்ளி ஒப்பந்தத்தில், 300 வெள்ளியும் 60 வெள்ளியும் போக 840 வெள்ளி கேட்கலாம் என்று கணக்கிடுங்கள்.

வாய்ச்சொல்லாக விலகாதீர்கள். கடிதம் எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். ரசீதையும் ஒப்பந்தத்தையும் பத்திரப்படுத்துங்கள். முகப்பில் இருக்கும் பெண்ணிடம் சத்தம் போட்டுப் பயனில்லை. அவரும் நம் பிள்ளைபோல் சம்பளத்துக்கு வேலை செய்பவர். பொறுப்பாளரைப் பார்க்கக் கேளுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மூன்று ஆண்டுக்குள் வழக்குப் பதிய வேண்டும். கட்டணம் ஐந்தே வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. 2019 முதல் 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். எப்படி எழுதுவது என்று தயங்குபவர்கள் 1969-இல் தொடங்கப்பட்ட பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். தமிழில் பேசியே முறையிடலாம்.

உடலைப் பேணுவது கடமை. உழைத்த காசைக் காப்பதும் கடமைதான். கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் மனம் தளர வேண்டாம். 1884-இல் அமைக்கப்பட்ட தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தில் காலை நேரத்தில் எத்தனையோ பேர் நடக்கிறார்கள். குடும்பத்தோடு நீங்களும் நடக்கலாம். நிலையத்தில் சேர்வதென்று முடிவு செய்தால், பிள்ளையை மட்டும் அனுப்பாமல் நீங்களும் உடன் செல்லுங்கள். ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படிக்கச் சொல்லிக் கேட்டு, அதன் பிறகு பேனாவைக் கையில் எடுங்கள்.