சாமியாட்டமும் பேய்பிடியும் – மனமருத்துவ நோக்கில்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

மனித மனம் எங்கும் ஒன்றே எனினும், அது நோயுறும்போது பேசும் மொழி நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. தாங்கவொண்ணாத் துன்பம் நேரும்போது நினைவும் உணர்வும் 'நான்' என்னும் எண்ணமும் இணைந்து நில்லாமல் தனித்தனியே பிரிந்துவிடுவதுண்டு. இதனை மருத்துவர் 'டிஸ்ஸோசியேஷன்' என்பர். பிரெஞ்சு உளநூலறிஞர் பியர் ழானே 1889-இல் வெளியிட்ட நூலில் இந்நிலையை விரிவாக ஆராய்ந்தார்.

அமெரிக்காவில் ஆன்செல் போர்ன் என்ற போதகர் 1887-இல் வீட்டைவிட்டு மறைந்தார். சுமார் ஆறு வாரங்கள் வேறோர் ஊரில் ஏ.ஜே.பிரவுன் என்ற பெயரில் சிறு கடை நடத்திவிட்டு, ஒரு நாள் காலை விழித்து, "இது எந்த ஊர்?" என்று திகைத்தார். அங்கே பேயென்று எவரும் கூறவில்லை, மறதி என்றனர். மலேசியாவிலோ 1978-இல் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், நுண்ணோக்கி வழியே நாள் முழுதும் பார்த்து வேலை செய்த சுமார் 120 பெண்களை ஆவி பிடித்தது. ஆலை மூன்று நாள் மூடப்பட்டது. மந்திரவாதியை அழைத்து ஆடு பலியிட்டனர். இதை எழுதிய மானிடவியலார் ஐவா ஓங், கிராமத்திலிருந்து வந்த அப்பெண்கள் மீதிருந்த கடும் கண்காணிப்பையும் வேலைச் சுமையையும் சுட்டிக் காட்டுகிறார்.

நம் ஊருக்கு வருவோம். கொடை விழாவில் சாமியாடுபவர் நோயாளியா? அல்லர். மேளம் முழங்கும்போது வருகிறது. திருநீறு பூசியதும் இறங்குகிறது. மறுநாள் அவர் ஏர் பூட்டப் போய்விடுவார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் (2022 முதல் நடைமுறையில் உள்ளது) இதையே கூறுகிறது: விரும்பாமல் வருவதும், சமய வழக்கத்துக்குப் புறம்பாக நிகழ்வதும், துன்பமோ வாழ்க்கைப் பாதிப்போ தருவதுமே நோய்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மணமுடித்து வைத்தார்கள். மூன்றாம் மாதம் பேய் பிடித்தது. "இந்த வீட்டில் இருக்க மாட்டேன்" என்று ஆண் குரலில் கத்துவார். வந்தவர் அனைவரும் பேயின் பெயரைத்தான் கேட்டனர். அது சொன்ன சொல்லை எவரும் காதில் வாங்கவில்லை. ஆயினும் கோடாங்கியை அடியோடு பழிக்க எனக்கு மனம் வரவில்லை. "உனக்கு என்னதான் வேண்டும்?" என்று உடுக்கையடித்து ஊரறியக் கேட்டவர் அவர் ஒருவரே! சாட்டையைத்தான் ஏற்க முடியாது. சங்கிலியை அதனினும் ஏற்க முடியாது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடிக் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

மருத்துவர் முதலில் வலிப்பு நோய் உண்டா என்று பார்ப்பார். வலிப்பில் பெரும்பாலும் கண்கள் திறந்திருக்கும். மனத் துன்பத்தால் வரும் துடிப்பில் பெரும்பாலும் மூடியிருக்கும். ஆனால் இந்த ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி முடிவுகட்டுதல் தவறு. ஒருவருக்கே இரண்டும் இருக்கக்கூடும். மூளை மின்னலைப் பதிவு இங்கே உதவும். பிரிநிலையை நேரடியாகத் தீர்க்கும் மாத்திரை கிடையாது. உடன் வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து உண்டு. முதன்மையான சிகிச்சை பேச்சே. நோயாளியை "நடிக்கிறாள்" என்று ஏசாமல், முதலில் அச்சமற்ற சூழலை உண்டாக்கி, பிறகு துன்பத்தைச் சிறிது சிறிதாகச் சொல்ல வைப்பார்கள். கணவரையும் மாமியாரையும் அழைத்துப் பேசுவதும் சிகிச்சையில் சேர்ந்ததே. கோயிலுக்குப் போகாதே என்று நல்ல மருத்துவர் தடுப்பதில்லை.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உள்ளது. அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள், 2022-இல் தொடங்கப்பட்ட 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் தமிழிலேயே பேசலாம்.