டாக்டர் சாந்தா காட்டிய வழி

2021-ம் வருஷம் ஜனவரி மாதம் 19-ந் தேதி, டாக்டர் வி. சாந்தா தமது 93-ம் வயதில் சென்னையில் காலமானார். சர்க்கார் அவருக்குப் போலீஸ் மரியாதை செய்தது. பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின. 1986-ல் பத்மஸ்ரீ, 2005-ல் மகஸேஸே பரிசு என்று அவர் வாழ்நாளிலேயே பட்டங்களுக்கும் பரிசுகளுக்கும் குறைவில்லை. ஆயினும், பட்டங்களின் ஜாபிதாவைக் கொண்டு அவரை அளப்பது தகாது. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், "இனி ஈசன் விட்ட வழி" என்று பெற்றோரே மனம் தளர்ந்துவிட்ட குழந்தைகளை அவர் கைவிட மறுத்தார். அவருடைய வாழ்க்கையின் சாரம் அதுவே.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு நடக்கும் போரில் நம் தேசத்தாருக்கு ஆதியிலிருந்தே பங்குண்டு. சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்த ஆந்திரர் எல்லாப்பிரகட சுப்பராவ், காந்தியடிகளின் அழைப்பைச் சிரமேற்கொண்டு கதராடை அணிந்தவர். அதனால் ஆங்கிலப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் அதனினும் தாழ்ந்த சான்றிதழோடு வெளியேறினார். பின்னாளில் அமெரிக்காவில் அவர் தலைமை வகித்த ஆராய்ச்சிசாலையில்தான் அமினாப்டெரின் என்னும் மருந்து பிறந்தது. அம்மருந்தால் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் தற்காலிகமாகவேனும் தணியும் என்பதை பாஸ்டன் நகர டாக்டர் ஸிட்னி பார்பர் 1948-ல் உலகுக்கு அறிவித்தார். சுப்பராவ் அந்த வருஷமே மறைந்தார். மறு வருஷம், அவர் அவமதிக்கப்பட்ட அதே கல்லூரியிலிருந்து சாந்தா பட்டம் பெற்று வெளிவந்தார்.

கடல் கடந்த தேசத்தில் மருந்து பிறந்தால் மட்டும் போதுமா? நம் ஏழைக் குழந்தைக்கு அது எட்ட வேண்டாமா? அதற்கொரு ஸ்தாபனம் வேண்டியிருந்தது. 1930-ல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது சட்டசபைப் பதவியைத் துறந்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி, தம் உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். சாவில் முடியும் நோய்க்குச் செலவு எதற்கு என்று அதிகாரத்தில் இருந்தோரே கேட்ட காலத்தில், மாதர் சங்கத்தின் மூலம் ஜனங்களிடம் நிதி திரட்டினார். 1952-ல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

சாந்தா அங்கே வந்து சேர்ந்தது 1955-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி. பப்ளிக் ஸர்வீஸ் கமிஷன் பரீட்சையில் தேறி, சர்க்காரின் தாய்சேய் ஆஸ்பத்திரியில் உத்தியோகம் அவருக்காகக் காத்திருந்தது. விஞ்ஞானி ஸி. வி. ராமனின் குடும்பத்தில் பிறந்த அப்பெண்மணிக்கு நல்வாழ்வுக்கு வேறு வழி இல்லாமற் போகவில்லை. ஆயினும் அவர் புற்றுநோய் ஆஸ்பத்திரியையே வரித்தார். முதல் மூன்று வருஷங்கள் சம்பளமின்றி உழைத்தார். பிறகு கிடைத்தது மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்க இடமும். முத்துலக்ஷ்மி ரெட்டியின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அவருமாக அந்த ஸ்தாபனத்தைக் கட்டி வளர்த்தனர். அந்திய காலம் வரை, ஏறக்குறைய 66 வருஷங்கள், அவருடைய பணி அங்கேயே நடந்தது.

1960-ல் அடையாறில் குழந்தைகளின் புற்றுநோய்க்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. வியாதியோடு மட்டும் போராடினால் போதும் என்ற நிலைமை அன்று இல்லை. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு, மூன்று வருஷங்கள் நீடிப்பது. முதல் சில வாரங்களில் ஜுரம் தணிந்து, குழந்தை எழுந்து விளையாடத் தொடங்கும். குணமாகிவிட்டது என்று எண்ணிப் பெற்றோர் ஊர் திரும்பிவிடுவார்கள். கூலி போகிறதே, ரயில் சத்தத்திற்குப் பணமில்லையே, வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளுக்குச் சோறிட யாருமில்லையே என்ற கவலைகளும் அவர்களை இழுக்கும். மிச்சமிருந்த நோய் சில மாதங்களில் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பி வரும். ஏழைக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை என்ற கொள்கையை அடையாறு விடாமல் பற்றி நின்றதன் காரணம் இதுவே. தர்மம் செய்வதற்காக மட்டுமன்று; பாதியில் நின்ற சிகிச்சை, சிகிச்சையே ஆகாது என்பதற்காகவும் அக்கொள்கை அவசியமாயிற்று.

இவ்வுழைப்பின் பயனைக் கணக்கிலும் காணலாம். 1970-களில் நம் தேசத்தின் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிகளிலும், ரத்தப் புற்றுநோய் கண்ட சிறுவரிலும் இளைஞரிலும் நோய் திரும்பாமல் தப்பியோர் 100-க்கு 20 பேருக்கும் குறைவு. 1984 முதல் எம்.ஸி.பி. 841 என்னும் ஒரே ஒழுங்கான சிகிச்சை முறை பம்பாயிலும் டில்லியிலும் சென்னையிலும் அனுஷ்டானத்துக்கு வந்தது. நிபுணர் இயன் மக்ராத்தோடு சேர்ந்து அதை நடத்தியவர்களில் சாந்தாவும் ஒருவர். நான்கு வருஷங்கள் நோயின்றி வாழ்ந்தோர் தொகை 100-க்கு 45 முதல் 60 வரை உயர்ந்தது. மந்திரத்தாலோ மாயத்தாலோ வந்த வெற்றியன்று இது. ஒழுங்கான முறை, கிருமி தொற்றாத பாதுகாப்பு, ரத்த தானம், ஓயாத கண்காணிப்பு ஆகியவற்றால் வந்தது.

ஆனால் போர் முடிந்துவிடவில்லை. செல்வ தேசங்களில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். ஏழை நாடுகள் பலவற்றிலோ 30 பேர்கூடத் தப்புவதில்லை. 2030-க்குள் உலகெங்கும் 100-க்கு 60 பேராவது பிழைக்கவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018-ல் இலக்கு வகுத்தது. வியாதி எங்கும் ஒன்றே, மருந்தும் ஒன்றே. பிறந்த இடமும் தகப்பனின் மடிச்சீலையும் குழந்தையின் ஆயுளை நிர்ணயிக்குமானால், நாம் பெற்ற சுயராஜ்யம் அக்குழந்தையின் தொட்டிலுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றே சொல்லவேண்டும்.

ஊர்தோறும் மேடையேறிப் பேசும் தேசத் தொண்டர்கள் இதையும் தங்கள் வேலையாகக் கொள்ளலாகாதா? விடாத ஜுரம், காரணமற்ற சோகை, மேனியில் ரத்தக் கன்றல், எலும்பு நோவு, கழுத்திலோ வயிற்றிலோ கட்டி, கண்ணின் பாவையில் வெண்ணிற ஒளி, காலைதோறும் தலைவலியுடன் வாந்தி — இவற்றில் எதைக் கண்டாலும் தாமதியாமல் டாக்டரிடம் காட்டவேண்டும் என்று தாய்மார்களுக்குச் சொல்லுங்கள். இது தொத்து வியாதியன்று, முற்பிறவிப் பாவத்தின் பலனுமன்று என்று சொல்லுங்கள். சிகிச்சை தொடங்கிய குடும்பத்திற்கு ரயில் சத்தத்தையும் வீட்டுச் சோற்றையும் ஊராரே ஏற்கச் செய்யுங்கள். சர்க்காரின் உதவித் திட்டங்கள் ஏட்டில் நின்றுவிடாமல் அக்குடும்பத்தின் கைக்குச் சேர்கிறதா என்று கேளுங்கள்.

சாந்தாவுக்குச் சிலை எழுப்புவோர் எழுப்பட்டும். சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்குப் புறப்பட்ட ஒரு தகப்பனை வழிமறித்து, ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்புகிறவனே அவருக்கு உண்மையான அஞ்சலி செய்தவனாவான்.