ஒரு கணனியில் மட்டும் மெயில் வரவில்லையா? பெட்டியை அழிக்க முன்னர் திகதியைப் பாருங்கள்!

வியாபாரிகளாகிய எங்களுக்கு ஈ-மெயில் என்பது இன்று கல்லாப் பெட்டியைப் போன்றது. இன்வொய்ஸ், பெக்கிங் லிஸ்ட், கப்பல் ஆவணங்கள், வங்கியின் அறிவித்தல் என எல்லாமே அதற்குள்தான் வந்து விழுகின்றன. அது ஒரு நாள் திறக்காவிட்டால் கை கால் ஓடாது. அப்படியான ஒரு நாளில் நான் செய்த பிழைகளையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் இந்த வாரம் எழுதுகிறேன். என்னைப் போன்ற இன்னொருவருக்குப் பிரயோசனப்படட்டும்.

எமது கடை புறக்கோட்டையில். கீழே என்னுடைய மேசையில் ஒரு கணனி, மேல்மாடியில் கணக்கு வழக்குப் பார்க்கும் தம்பியிடம் ஒரு கணனி. இரண்டிலும் ஒரே கம்பனி ஈ-மெயில் கணக்குத்தான். 2023ஆம் ஆண்டில் ஒரு திங்கட்கிழமை காலை, தாயாரை கிளினிக்குக்கு அழைத்துச் செல்வதாகக் கூறி அந்தத் தம்பி அரைநாள் லீவு கேட்டிருந்தார். அன்று பார்த்து கிளியரிங் ஏஜன்ட் பழைய கொள்வனவு ஒன்றின் கடிதப் போக்குவரத்தை அவசரமாகக் கேட்டார். அது மேல்மாடிக் கணனியில் மட்டுமே இருந்தது. நானே மேலே சென்று கணனியைப் போட்டேன்.

அவுட்லுக் திறந்ததும் ஆங்கிலத்தில் ஏதோ ஓர் அறிவித்தல் வந்தது. வாசிக்காமலே 'நோ' என்பதை அழுத்தினேன். சேர்வருடன் இணைய முடியவில்லை என்றது. மீண்டும் முயன்றேன், மீண்டும் அதே கதை. பாஸ்வேர்டை மூன்று தடவை அடித்துப் பார்த்தேன். கீழே வந்து என்னுடைய கணனியைப் பார்த்தால், அங்கே மெயில் தாராளமாக வந்துகொண்டிருக்கிறது!

அப்போதுதான் ஷைத்தான் மனதுக்குள் புகுந்தான். அந்தக் கணனியைத் தொடுபவர் அவர் ஒருவர்தான். வராத நாளில் அது வேலை செய்யவில்லை. ஏதோ மாற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று முடிவுகட்டினேன். வாடிக்கையாளர்கள் நான்கைந்து பேர் நிற்கும்போதே கோல் எடுத்து, "அந்தக் கணனியில என்ன செஞ்சி வெச்சிருக்க?" என்று சத்தம் போட்டேன். கிளினிக் வரிசையில் நின்ற அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் வாறன் முதலாளி" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்தில் கணனி திருத்துபவர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "வைரஸ் போல ஹாஜியார், ஃபோர்மட் பண்ணினாத்தான் சரிவரும்" என்றார். சரி என்று சொல்லப் போன நேரத்தில், என் தங்கையின் மகன் ஏதோ அலுவலாகக் கடைக்கு வந்தார். அவர் ஒரு கம்பனியின் கணனிப் பிரிவில் வேலை செய்பவர். "பொறுங்க மாமா" என்று சொல்லி மூன்று கேள்விகள் கேட்டார்.

"கீழ இருக்கிற கணனியில மெயில் வருதா?" வருகிறது என்றேன். "அப்ப பாஸ்வேர்டும் சரி, சேர்வரும் சரி. பிழை இந்தப் பெட்டிக்குள்ளதான். அந்த அறிவித்தல்ல என்ன எழுதியிருந்திச்சி?" தெரியாது என்றேன். "இதில இன்டர்நெட் வேலை செய்யுதா?" அதையும் நான் பார்த்திருக்கவில்லை.

அவர் குரோமைத் திறந்தார். கணனியின் கடிகாரம் பின்னால் நிற்கிறது என்று அதுவே சொல்லியது. திரையின் மூலையைப் பார்த்தால் 2014 ஜனவரி 1ஆம் திகதி! திகதியையும் வருடத்தையும் சரிசெய்து அவுட்லுக்கை மீண்டும் திறந்தார். அரை நிமிடத்தில் மெயில்கள் வரிசையாக இறங்கத் தொடங்கின.

மெயிலுக்கும் திகதிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மெயில் சேர்வர், 'நான் உண்மையான சேர்வர்தான்' என்பதற்கு ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை செல்லுபடியாகும் என்று இருக்கும். கணனி தன் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அதை ஏற்றுக்கொள்கிறது. பழைய கலண்டரை வைத்துக்கொண்டிருக்கும் வங்கி ஊழியரிடம் இன்றைய திகதியிட்ட செக்கைக் கொடுத்தால், 'இது இன்னும் திகதி வராத செக்' என்று திருப்பித் தருவார் அல்லவா? அதேதான் இங்கும் நடந்தது.

காரணம் மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் சிறு பற்றரி. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். பழைய கணனிகளில் பற்றரி செத்துவிட்டால், இரவில் கடையின் மெயின் சுவிட்சை நிறுத்தியதும் திகதி பின்னால் போய்விடும்.

பதினொரு மணியளவில் தம்பி வந்து சேர்ந்தார். விடயத்தைக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நான் ஒவ்வொரு நாளும் காலையில திகதியை சரிசெஞ்சிதான் வேலை தொடங்குற முதலாளி. ரெண்டு கிழமைக்கு முந்தி உங்கள்ட்ட சொன்னேனே."

ஆம், சொல்லியிருந்தார். பிறகு பார்ப்போம் என்று நான்தான் அனுப்பிவிட்டேன். அவர் பிழையை மறைக்கவில்லை. என்னைத் தொந்தரவு செய்யாமல் தினமும் சுமந்துகொண்டிருந்தார். ஊகத்தின் பேரில் ஒருவரைக் குற்றம் சாட்டக் கூடாது என்பது எமக்கு மார்க்கம் கற்றுத்தந்த பாடம். ளுஹருக்குப் பிறகு, காலையில் நான் சத்தம் போட்டபோது கடையில் நின்ற பையன்கள் எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு பற்றரியின் விலை சில நூறு ரூபா. ஒரு நம்பிக்கையான ஊழியரின் மனதுக்கு விலை இல்லை.

அது மாத்திரமல்ல, ஃபோர்மட் செய்திருந்தால் ஏழு வருடக் கடிதங்கள் போயிருக்கும். அந்தக் கணனியில் கணக்கு 'பொப்' முறையில் அமைக்கப்பட்டிருந்தது. அம்முறையில் மெயில்கள் கணனிக்கு இறங்கி, பெரும்பாலும் சில நாட்களில் சேர்வரிலிருந்து நீக்கப்படும். பிறகு அவை பி.எஸ்.டி. என்ற ஒரே கோப்பில், அந்தக் கணனியில் மட்டுமே இருக்கும். 'ஐமேப்' முறையில் மெயில்கள் சேர்வரிலேயே இருக்கும்.

இனி, உங்களுக்கு இப்படி நேர்ந்தால் செய்ய வேண்டிய ஒழுங்கு இதுதான்:

1. அதே கணக்கை வேறு கணனியிலோ போனிலோ திறந்து பாருங்கள். அங்கு வேலை செய்தால் அவசரப்பட்டு பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். மாற்றினால் நன்றாக ஓடுபவையும் நின்றுவிடும்.

2. பழுதான கணனியில் ஏதாவது ஓர் இணையத்தளம் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் பிழை இணைப்பில் இருக்கலாம்.

3. திகதி, நேரம், குறிப்பாக வருடத்தைப் பாருங்கள்.

4. திரையில் வரும் அறிவித்தலை வாசியுங்கள். விளங்காவிட்டால் போனில் படம் பிடித்து, தெரிந்தவருக்கு அனுப்புங்கள்.

5. பாஸ்வேர்டை அண்மையில் மாற்றியிருந்தால், பழையதை அந்தக் கணனி இன்னும் நினைவில் வைத்திருக்கலாம். விண்டோஸில் கிரெடென்ஷியல் மனேஜர் என்ற இடத்தில் பழையதை நீக்கலாம்.

6. மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் அனுப்பும் போர்ட் இலக்கத்தைப் பாருங்கள். பழைய 25ஐ பல இணைய நிறுவனங்கள் தடுத்து வைத்துள்ளன. 587 அல்லது 465 இருக்க வேண்டும். பெறுவதற்கு ஐமேப் என்றால் 993, பொப் என்றால் 995.

7. மென்பொருள் பழையதா என்று பாருங்கள். தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து பழைய மென்பொருள்கள் நுழைவதை கூகுள் 2022 மே மாத இறுதியில் நிறுத்தியது. மைக்ரோசொஃப்ட்டும் தன் வர்த்தகக் கணக்குகளில் 2022 ஒக்டோபரிலிருந்து அவ்வாறே நிறுத்தத் தொடங்கியது. அதனால்தான் போனில் வரும் மெயில் பழைய அவுட்லுக்கில் வருவதில்லை.

8. கணக்கை அழிக்கவோ ஃபோர்மட் செய்யவோ முன்னர், பி.எஸ்.டி. கோப்பை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து வையுங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மெயில் வேலை செய்யாமல் நாம் பதற்றப்படும் நாளில்தான் மோசடிக்காரர்களிடம் அகப்படுவோம். 'உங்கள் கணக்கு மூடப்படப் போகிறது, இங்கே பாஸ்வேர்டைக் கொடுங்கள்' என்று வரும் மெயிலை நம்பாதீர்கள். வெளிநாட்டு சப்ளையர் வங்கிக் கணக்கு இலக்கத்தை மாற்றிவிட்டதாக மெயில் வந்தால், ஏற்கனவே உங்களிடமுள்ள இலக்கத்துக்கு கோல் எடுத்து, குரலைக் கேட்டு உறுதிசெய்யாமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

பற்றரி மாற்றிய நாளிலிருந்து அந்தக் கணனி ஒழுங்காக ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். நானும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். கடையில் வேலை செய்பவர் ஒரு குறையைச் சொன்னால், பிறகு பார்ப்போம் என்று இப்போது சொல்வதில்லை. எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்து அமர்கிறேன்.