மெதிசிலின் எதிர்ப்பு ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்

மெதிசிலின் எதிர்ப்பு ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் (எம்ஆர்எஸ்ஏ) என்பது பெனிசிலின் வகையைச் சேர்ந்த பெரும்பாலான மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியா ஆகும். இது 1961 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் முதன்முதலாக அறியப்பட்டது. நலமுள்ள சிலரின் மூக்கிலும் தீங்கின்றி வாழும் இது, காயத்தின் வழியே குருதியில் கலந்தால் உயிருக்கு ஆபத்து விளைவிக்கலாம்.

மருந்து எதிர்ப்பு

பெனிசிலின், பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டும் புரதங்களை முடக்குகிறது. எம்ஆர்எஸ்ஏ பெற்றுள்ள மெக்ஏ மரபணு, மருந்து எளிதில் பிணையாத மாற்றுப் புரதம் ஒன்றை உருவாக்குவதால் சுவர் தொடர்ந்து கட்டப்படுகிறது.

உடலின் எதிர்ப்பிலிருந்து தப்பும் முறைகள்

இத்திறன்கள் மருந்து எதிர்ப்பிலிருந்து வேறானவை. மருந்துக்குக் கட்டுப்படும் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியசிடமும் இவை காணப்படுகின்றன.

* புரதம் ஏ: எதிர்ப்பொருளின் கைகள் கிருமியைப் பற்ற, அதன் வால் பகுதியை வெள்ளையணு அடையாளம் காணும். புரதம் ஏ வால் பகுதியையே பற்றிக்கொள்வதால் எதிர்ப்பொருள் தலைகீழாக ஒட்டிப் பயனற்றுப் போகிறது.
* கோயாகுலேஸ்: குருதியை உறையச் செய்து, ஃபைப்ரின் இழைகளால் கிருமியைச் சுற்றிப் போர்வை அமைக்கிறது.
* பொன்னிற நிறமி: 'ஆரியஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் பொருள் பொன்னிறம். இந்நிறமி, வெள்ளையணுக்கள் வெளியிடும் வீரியமிக்க ஆக்சிசன் மூலக்கூறுகளைச் செயலிழக்கச் செய்கிறது.
* நச்சுகள்: வெள்ளையணுக்களின் சவ்வைத் துளைத்து அழிக்கின்றன.

முக்கியத்துவம்

பொதுவாக மருந்து கிருமிகளைக் குறைக்க, எஞ்சியவற்றை உடல் அழிக்கும். எம்ஆர்எஸ்ஏ தொற்றில் இவ்விரு பாதுகாப்புகளும் ஒருங்கே வலுவிழக்கின்றன. வான்கோமைசின் போன்ற சில மருந்துகள் பயன்படுகின்றன. மனிதருக்கான தடுப்பூசி எதுவும் இதுவரை ஒப்புதல் பெறவில்லை. எனவே கை கழுவுதல் உள்ளிட்ட தடுப்பு முறைகள் மருத்துவமனைகளில் இன்றியமையாதவை.