செம்பரம்பாக்கத்து மதகும் மூவகை அறமும்

சென்னையை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் முழு நீர்மட்டம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. உபரிநீர் வெளியேற 5 கண் மதகு, 19 கண் மதகு என இரண்டு உண்டு. 2015 திசம்பர் 1 காலை தொடங்கி ஒரு நாளைக்குள் ஏரிப்பகுதியில் மட்டும் 47 செ.மீ. மழை கொட்டியது. மதகுகள் வழியே திறந்துவிடப்பட்ட நீர் மாலைக்குள் நொடிக்கு 29,000 கனஅடியாக உயர்ந்தது. லிட்டரில் சொன்னால் நொடிக்கு எட்டு இலட்சத்துக்கு மேல். திருநீர்மலையருகே அடையாற்றில் கலந்த அந்நீர், ஆதனூர், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த வெள்ளத்தோடு சேர்ந்து மணப்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எனக் கரையோர ஊர்களை இரவோடு இரவாக மூழ்கடித்தது.

2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை இதனை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது. வரலாறு காணாத மழையே காரணம் என்று அரசு சொல்லிவந்தது. எத்தனை கனஅடி, எத்தனை மணிக்கு என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. அது நீரியலார் வேலை. தவறு நேர்ந்தது என்று கொண்டால், அது எவ்வகைத் தவறு என்பது அறவியலின் வேலை.

பண்பை அடிப்படையாகக் கொண்ட அறவியல் மதகருகே நிற்கும் மனிதரைப் பார்க்கும். அரிசுடாட்டில் வழிவந்த இச்சிந்தனையை 1958இல் எலிசபெத்து ஆன்சுகோம்பு எழுதிய கட்டுரை மீட்டெடுத்தது. 1981இல் அலாசுடேர் மெக்கின்டயரின் நூல் அதற்கு வலுவூட்டியது. எது சரியான செயல் என்று விதிநூலைப் புரட்டுவதைவிட, தக்க வேளையில் தக்க அளவில் செய்யத் தெரிந்தவர் யார் என்று கேட்பது இதன் இயல்பு. கப்பலோட்டியும் மருத்துவனும் போல, அந்தந்த நேரத்து நிலை கண்டு முடிவெடுக்கும் நடைமுறை அறிவே இதன் உயிர்நாடி. நவம்பர் முழுதும் பெய்த மழையில் ஏரி நிறைந்து வந்தது. அளவுகோலை நாளும் பார்த்த பொறியாளருக்கு அடுத்த மழை என்ன செய்யும் என்று தெரியாமல் இராது. ஆனால் தெரிந்தவர் கையில் சாவி இருந்ததா? மேலிடத்து ஆணைக்குக் காத்திருந்தார்களா என்ற கேள்வி அந்நாளிலேயே எழுந்தது. ஆணையின்றி அசையாத அமைப்பில் நற்பண்பு வெறும் மனவேதனையாக முடியும். பண்பறம் பேசுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர் என்பது என் குறை.

பண்பையும் அமைப்பையும் இணைக்க முயன்றவர்கள் இங்கிருந்து தென்மேற்கே உத்திரமேரூரில் இருந்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன; தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களுள் ஒன்று ஏரி வாரியம். 921ஆம் ஆண்டு விதிப்படி அகவை 35க்கு மேல் 70க்குள் இருக்கவேண்டும். கால் வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். பொருளிலும் உள்ளத்திலும் தூய்மை வேண்டும். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் அமர முடியாது. பண்பைத் தகுதியாக்கி, அதனை முறைக்குள் பூட்டிய ஏற்பாடு இது. பள்ளிப் பாடநூல்கள் இதனைப் பாராட்டி நிறுத்திக்கொள்ளும். அந்த ஏரியில் குடம் நிரப்பிய பெண்ணும், அதன் நீரில் பிறர் வயலில் நாற்று நட்ட நிலமற்றவரும் ஓலையில் பெயர் எழுதப்படாதவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

குமுக ஒப்பந்தக் கோட்பாட்டின் தீராத குறையும் இதுவே. 1651இல் ஆப்சு, பின்னர் இலாக்கு, 1762இல் உரூசோ ஆகியோர், ஆளப்படுவோரின் இசைவிலிருந்தே ஆட்சிக்கு உரிமை பிறக்கிறது என்றனர். 1971இல் சான் இரால்சு அதனைக் கூர்மையாக்கினார்: தாம் யாராகப் பிறப்போம் என்று அறியாத திரைக்குப் பின் நின்று விதி வகுப்பதாக எண்ணிப் பார்க்கச் சொன்னார். தாம் மேட்டுக்குடியிருப்பில் இருப்போமா, ஆற்றோரக் குடிசையில் இருப்போமா என்று தெரியாதவர் எத்தகைய மதகு விதியை ஏற்பார் என்று கேட்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். ஆனால் இரால்சின் திரைக்குப் பின் நிற்போர் வாழ்நாள் முழுதும் ஒத்துழைக்க வல்லவர்களாகக் கருதப்படுகிறார்கள். எழுந்து நிற்க முடியாதவரை இக்கணக்கு எங்கே வைக்கும் என்று ஈவா கிட்டே என்ற மெய்யியலாளர் 1999இல் கேட்டார். 2015 வெள்ளத்தில் ஆற்றங்கரை மருத்துவமனையொன்றில் மின்னாக்கிகள் மூழ்கின. தீவிர மருத்துவப் பிரிவில் நோயாளர் பலர் உயிரிழந்தனர். கிட்டேயின் கேள்விக்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு தேவையில்லை.

பெண்ணிய அறவியலின் ஒரு பெருங்கிளை 1982இல் கரோல் கில்லிகனின் நூலோடு தொடங்குகிறது. ஒழுக்க வளர்ச்சியை விதியறிவின் ஏணியாக உளவியலாளர் கோல்பெர்க்கு வகுத்திருந்தார். உறவுகளின் பொறுப்பில் நின்று பேசும் குரல் அந்த ஏணியில் தாழ்படியில் வைக்கப்படுவதைக் கில்லிகன் காட்டினார். 1993இல் சோன் திரான்டோ இதனை வீட்டுக்கு வெளியே, ஆட்சிக்குள் கொண்டுவந்தார். பேணுதலை அவர் நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: தேவையைக் கவனித்தல், பொறுப்பேற்றல், திறமையாகச் செய்தல், பெற்றவர் நிலையறிந்து திருத்திக்கொள்ளல். மதகைத் திறந்தது மூன்றாம் கட்டம். திறக்கிறோம் என்ற சொல் யாரை எட்டியது என்பது நான்காம் கட்டம். 2015இல் கரையோர மக்களின் முறையீடு பெரிதும் இந்த நான்காவதைப் பற்றியது. தண்ணீர் வந்தது பெருங்குறை. சொல் முன்னே வராதது அதனினும் பெரிது.

இந்த அறவியலின் பக்கமே நான் சாய்கிறேன். அதற்குச் சான்றும் உண்டு. 2020 நவம்பர் 25 அன்று, நிவர் புயலின்போது, ஏரி 22 அடியை நெருங்கிய நிலையிலேயே நண்பகல் 12 மணிக்கு 1,000 கனஅடி திறக்கப்பட்டது. முன்னறிவிப்பு சென்றது. இப்போதெல்லாம் மதகு திறக்கும் செய்தியில் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். அந்த வரிசை பேணலின் எழுத்துவடிவம். ஆயினும் ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் இரவுமுறை வேலை முடித்து, வாடகை அறையில் பகலில் உறங்கும் இளம்பெண்ணை ஒலிபெருக்கி எழுப்புமா? ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளிக்கு அவ்வறிவிப்பு புரியுமா? தொழிற்பட்டையின் ஊர்களில் இவர்கள் விருந்தினரல்லர், குடிகள்.

பேணலறத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 22 அடிக்கும் 24 அடிக்கும் இடையே ஐந்நூறு மில்லியன் கனஅடிக்குக் குறையாத நீர் நிற்கும். வெள்ளத்துக்கு அஞ்சி அந்த இரண்டடியைக் காலியாக வைத்தால், அடுத்த கோடையில் சென்னையின் குழாயில் அவ்வளவு குறையும். 2019 கோடையில் இவ்வேரி வறண்டு கிடந்தபோது லாரிக்காகக் குடங்களோடு தெருவில் காத்திருந்தவர் பெரும்பாலும் பெண்களே. கரையோரத்தாரும் குடத்தோடு நிற்பவரும் இருவருமே பேணத்தக்கவர். யாருக்கு எத்தனை அங்குலம் என்பதை அன்பு பிரித்துத் தராது. அங்கே ஒப்பந்தத்தை மீண்டும் அழைத்தாகவேண்டும், இம்முறை ஓலையில் அவர்கள் பெயரும் எழுதி. நீர்வளத்துறையின் அளவுகோல் 22 அடியைக் காட்டும் நாளில் எந்தப் பொறியாளருக்கு எவ்வளவு திறக்க உரிமை, யாரிடம் முதலில் சொல்லவேண்டும், யாருடைய இசைவோடு அந்த இரண்டடி காலியாக விடப்படுகிறது என்ற மூன்றும் மழைக்கு முன்பே, கரையோரத்தாரும் குடிநீருக்குக் காத்திருப்போரும் அமர்ந்த அவையில் எழுதப்படவேண்டியவை.