உறைபனி இரவும் தோட்டத்து அறுவடையும்

வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் வீட்டுத் தோட்டங்களின் கடைசி அறுவடைக் காலமாகும். லண்டன் நகரில் ஜூன் மாதத்தில் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும் பகல், நவம்பர் நடுவில் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைந்துவிடுகிறது. வெயில் சாய்வாக விழுகிறது, மண் குளிர்கிறது. அந்நாட்களில் தோட்டக்காரர் மாலைதோறும் வானத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றே: இன்றிரவு உறைபனி விழுமா? விழுமானால் எதைப் பறிப்பது, எதை விட்டுவைப்பது?

இந்தக் கேள்விக்குத் தவறான விடை கண்டால் பல மாத உழைப்பு ஓர் இரவில் போய்விடும். தக்காளி, பீன்ஸ், பூசணிக் கொடிகள் காலையில் வெந்நீர் ஊற்றியவை போலக் கறுத்துத் துவண்டு கிடக்கும். ஆனால் அடுத்த பாத்தியில் உள்ள முட்டைக்கோசுக்கும் காரட்டுக்கும் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. அது மட்டுமா? பனிக்குப் பின் அவற்றின் இனிப்பு கூடியும் இருக்கும்! ஒரே தோட்டம், ஒரே குளிர். விளைவு மட்டும் நேர் எதிர். இது எவ்வாறு நிகழ்கிறது என்று பார்ப்போம்.

வானத்துக்குப் போகும் வெப்பம்

எல்லாப் பொருள்களும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. 0 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் உள்ள ஓர் இலைப்பரப்பு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 315 வாட் வீதம் வெப்பத்தை இழக்கிறது. மேகமூட்டம் உள்ள இரவில் மேகங்களும் கதிர்களை வீசுவதால் இந்த இழப்பின் பெரும்பகுதி ஈடாகிறது. தெளிந்த இரவில் வானம் திருப்பித் தருவது குறைவு. எனவே இலை தன்னைச் சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. தரைக்கு மேல் ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில் உள்ள வெப்பமானி 3 டிகிரி என்று காட்டும்போதே, தரையை ஒட்டிய இலையில் பனிப்படிகம் தோன்றலாம்.

இதை ஆராய்ந்து விளக்கியவர் லண்டனில் வாழ்ந்த மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். பனித்துளியைப் பற்றிய அவரது நூல் 1814இல் வெளிவந்தது. மெல்லிய பாயையோ துணியையோ போர்த்திச் செடிகளைக் காப்பாற்றும் தோட்டக்காரர்களைக் கண்டு அவர் முன்பு சிரித்ததுண்டு. காற்றின் குளிரை அத்தனை மெல்லிய துணி எப்படித் தடுக்கும் என்பது அவரது எண்ணம். பிறகு நான்கு குச்சிகளின் மேல் ஒரு கைக்குட்டையை விரித்துக் கட்டி, அதன் கீழுள்ள புல்லின் வெப்பநிலையை அளந்தார். திறந்த வெளிப் புல்லைவிட அது பல டிகிரி கூடுதலாக இருந்தது. துணி தடுத்தது காற்றை அன்று; வானத்துக்குப் போகும் கதிர்வீச்சை. படிக்காத தோட்டக்காரரின் வழக்கம் சரி என்பதை அவர் தம் நூலில் ஒப்புக்கொண்டார்.

மார்கழி விடியலில் நம் ஊரிலும் இதைக் காணலாம். திறந்த வெளியில் நிறுத்திய சைக்கிளின் இருக்கை பனியில் நனைந்திருக்கும். மரத்தடியில் நிறுத்தியது பெரும்பாலும் காய்ந்திருக்கும்.

செல்லுக்குள் ஒரு தற்காப்பு

வெப்ப நாட்டில் தோன்றிய தக்காளி போன்ற செடிகளுக்கு உறைபனியைத் தாங்கும் ஏற்பாடு இல்லை. திசுவில் பனிக்கட்டி உண்டானதும் செல்களின் சவ்வுகள் சிதைகின்றன, சாறு கசிகிறது, இலை துவள்கிறது.

குளிர் நாட்டுச் செடிகளோ முன்னதாகவே தயாராகிவிடுகின்றன. பகல் குறுகி, இரவுகள் குளிரத் தொடங்கியதும், சேமித்த மாவுப்பொருளில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. சர்க்கரை கரைந்த நீர் 0 டிகிரியில் உறைவதில்லை. ஒரு கிலோகிராம் நீரில் 180 கிராம் குளுக்கோஸைக் கரைத்தால் உறைநிலை 1.86 டிகிரி தாழும்.

இந்த ஒன்றிரண்டு டிகிரி மட்டும் கடுங்குளிருக்குப் போதாது. இச்செடிகளில் பனிக்கட்டி செல்லுக்கு வெளியே, செல்களின் இடைவெளிகளில் உண்டாகிறது. அது செல்லிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. அப்போது உள்ளே இருக்கும் சர்க்கரை, நீர் முழுவதும் வெளியேறாமல் பிடித்து வைப்பதுடன், சவ்வுகள் வறண்டு சிதையாமலும் காக்கிறது.

இந்த மாற்றம் நிகழப் பல நாட்கள், சில வாரங்கள்கூட ஆகும். அதனால்தான் மெல்ல மெல்லக் குளிரும் ஆண்டில் பிழைக்கும் செடி, திடீரென்று வரும் குளிரில் மடிகிறது. உருளைக்கிழங்கும் குளிரில் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் இயல்புடையதே. குளிர்பதனப் பெட்டியில் பல நாள் வைத்த கிழங்கு இனிப்பதும், வறுக்கும்போது விரைவில் கருகுவதும் இதனால்தான்.

நீலகிரியில்

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் காரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் முதலியன விளைகின்றன. அங்கும் நவம்பர் முதல் உறைபனி விழுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. எனவே மேட்டு நிலத்தைவிடப் பள்ளத்து நிலத்துக்கே ஆபத்து அதிகம். தேயிலைச் செடிகளின் மேல் தழைகளைப் பரப்பி வைப்பது வெல்ஸின் கைக்குட்டைத் தத்துவமே.

எதைப் பறிப்பது?

இனி நம் கேள்விக்கு விடை எளிது. மாலையில் வானம் தெளிந்து, காற்றும் அசையாமல் நின்றால் தக்காளி, பீன்ஸ், பூசணியை அன்றே பறித்துவிட வேண்டும். முற்றிய பச்சைத் தக்காளி வீட்டுக்குள் தானே பழுக்கும். பூசணியை 10 முதல் 13 டிகிரியில் வைத்தால் சில மாதங்கள் கெடாது. காரட்டும் முட்டைக்கோசும் சில நாட்கள் தோட்டத்திலேயே இருக்கலாம். ஆனால் மண்ணே உறையுமுன் காரட்டைத் தோண்டிவிட வேண்டும்.

காரட்டும் முட்டைக்கோசும் இரண்டு ஆண்டு வாழும் செடிகள். முதல் ஆண்டில் உணவைச் சேமித்து, குளிர்காலத்தைக் கடந்து, மறு ஆண்டில் பூத்து விதை தருவது அவற்றின் இயல்பு. ஆகவே இலையுதிர்கால அறுவடையின் இனிப்பு நம் நாவுக்காகச் சுரந்தது அன்று. வரப்போகும் வசந்தத்தைக் காணச் செடி தனக்கென்று செய்துகொண்ட ஏற்பாடு அது. அதில் ஒரு பங்கைத்தான் நாம் உணவாகப் பெறுகிறோம்.